பாதி உயரத்தில் ஒரு கொடி

கடலில் பேசக் கற்றுக்கொள்ள வருகிறவனுக்கு முதலில் பதில் சொல்லத்தான் கற்றுத் தருகிறார்கள். சமிக்ஞைக் கொடிகளையும் மோர்ஸையும் ஒரு துறைமுக ஊரில் சில மாதங்கள் நான் கற்றபோது இது விசித்திரமாகப் பட்டது. பிறகு யோசிக்க யோசிக்க, மொழியைப் பற்றி நான் படித்த பல கனத்த புத்தகங்கள் தொடாமல் விட்ட ஒரு விஷயம் இந்த முறைவைப்பில் இருப்பதாகத் தோன்றத் தொடங்கியது.

ஒரு கப்பலின் கொடிப்பெட்டியில் 40 கொடிகள் இருக்கும். எழுத்துக்களுக்கு 26, எண்களுக்கு 10, முன்னால் ஏற்றிய கொடியைத் திரும்பக் குறிப்பதற்கு 3. மிச்சம் ஒன்று. சிவப்பும் வெள்ளையும் மாறிமாறிப் பட்டை போட்டு, நுனி குறுகிய நீண்ட கொடி. அதற்கு எழுத்து கிடையாது. அதன் முதல் வேலை பதில் சொல்வது. எதிரே வரும் கப்பல் ஒரு சமிக்ஞையை ஏற்றியதும் இவன் இந்தக் கொடியைப் பாதி உயரத்துக்கு ஏற்ற வேண்டும். உன் கொடிகள் என் கண்ணில் பட்டுவிட்டன என்று அர்த்தம். பிறகு சமிக்ஞைப் புத்தகத்தைப் புரட்டி, எதிராளி சொல்வது இன்னதென்று தெரிந்துகொண்ட பின்னரே உச்சிக்கு ஏற்ற வேண்டும். புரிந்தது என்று அர்த்தம். கரையில் கொடி பாதிக் கம்பத்தில் பறந்தால் யாரோ செத்துப்போனார்கள் என்கிறோம். இங்கே அதே நிலை, ஒரு மனிதன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான் என்பதற்கு அடையாளம்.

விளக்கு வெளிச்சத்தில் மோர்ஸ் அனுப்பும்போதும் இப்படித்தான். ஒவ்வொரு சொல் வந்து சேர்ந்ததும் வாங்குகிறவன் ஒரு நீண்ட ஒளியைத் திருப்பி அனுப்புகிறான். அது வராவிட்டால் அனுப்புகிறவன் அதே சொல்லைத் திரும்ப அனுப்புகிறான். சர்வதேச சமிக்ஞை நூலில் இதைவிட எனக்குப் பிடித்த ஒரு குறி உண்டு. இஸட், எல் என்ற இரண்டு கொடிகள்: உங்கள் சமிக்ஞை கிடைத்தது, ஆனால் புரியவில்லை. பல நாட்டுக் கடலோடிகள் கூடி உருவாக்கிய ஒரு மொழியில், புரியவில்லை என்று சொல்வதற்கு முன்கூட்டியே ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் வெட்கத்துக்கு இடமில்லை. தீப்பிடித்துவிட்டது, டாக்டர் வேண்டும், நங்கூரம் இழுபடுகிறது என்பவை போல அதுவும் சொல்ல வேண்டிய ஒரு செய்தி.

நம்முடைய பேச்சை இதோடு வைத்துப் பார்க்கலாம். கதை கேட்கிற குழந்தை 'உம்' கொட்டுகிறது. காதில் விழுகிறது என்பதற்கும் அதே உம்; புரிகிறது என்பதற்கும் அதே உம்; தூங்கவில்லை என்பதற்கும் அதேதான். பெரியவர்களாகிய நமக்கு 'சரி' இருக்கிறது. கேட்டேன், புரிந்துகொண்டேன், ஒத்துக்கொள்கிறேன், செய்கிறேன் என்ற நான்கு வேறு வேறு காரியங்களை இந்த ஒரு சொல் சுமக்கிறது. டாக்டர் சொல்வதற்கு நோயாளி 'சரிங்க' என்கிறார். அதிகாரி விளக்குவதற்கு மனு கொடுக்க வந்தவர் தலையாட்டுகிறார். வெளியே வந்த பிறகு, என்ன சொன்னார் என்று கூட வந்தவரிடம் விசாரிக்கிறார். நம் மரியாதை என்பதே பெரும்பாலும் கொடியை உடனே உச்சிக்கு ஏற்றிவிடுகிற மரியாதைதான்.

இந்தக் கடல் மொழி ஏழை மொழி. வேண்டுமென்றே ஏழையாக்கப்பட்டது. 1857-ல் பிரிட்டிஷ் வணிக வாரியம் வெளியிட்ட முதல் வணிகச் சமிக்ஞை நூலில் 18 கொடிகளைக் கொண்டு சுமார் 70,000 சமிக்ஞைகள் அமைத்தார்கள். அதில் உயிரெழுத்துக்களைச் சேர்க்கவில்லை. சேர்த்தால், கொடிகள் தற்செயலாக ஏதாவது ஒரு மொழியின் கெட்ட வார்த்தையாக அமைந்துவிடும் என்ற பயம். 1965-ல் திருத்தப்பட்டு 1969-லிருந்து நடைமுறையில் இருக்கும் இன்றைய நூல் ஒன்பது மொழிகளுக்கென்று தயாரிக்கப்பட்டது. ஜப்பானியன் ஏற்றிய கொடியை நார்வேக்காரன் தன் மொழிப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். கொடியில் ஜப்பானிய மொழியும் இல்லை, நார்வேஜிய மொழியும் இல்லை. இருவருக்கும் பொதுவானது, முகம் தெரியாதவர்கள் முன்னாலேயே செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம்.

அர்த்தம் சொல்லில் குடியிருக்கிறது என்று நம்புகிறவர்கள் கடலோடிகளின் இன்னொரு வழக்கத்தைக் கவனிக்க வேண்டும். 1930களின் தொடக்கம் வரையில் பிரிட்டிஷ் கப்பல்களில் சுக்கானுக்கு 'வலப்புறம்' என்று உத்தரவிட்டால் கப்பல் இடப்புறம் திரும்பும். சுக்கான் கட்டையைக் கையால் தள்ளிய காலத்துப் பழக்கம், சக்கரம் வந்த பிறகும் நீடித்தது. டைட்டானிக் பனிப்பாறையைக் கண்டதும் பிறந்த உத்தரவும் அப்படிப்பட்டதுதான். வலம் என்று சொன்னார்கள். கப்பல் இடம் திரும்பியது. சொல்லும் செயலும் நேர் எதிராக இருந்தும் கப்பல்கள் தலைமுறை தலைமுறையாக ஓடியிருக்கின்றன. சொல்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் இடையே இருந்த ஒப்பந்தம் ஒன்றாக இருந்ததே காரணம்.

இப்போது கப்பல்கள் பெரும்பாலும் வானொலியில் குரலால் பேசிக்கொள்கின்றன. அதற்கென்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-ல் ஒரு சொற்றொடர்த் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. ஆங்கிலத்தில் அமைந்தது. எண்களை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல வேண்டும். கேள்விக்கு வெறும் 'ஆம்' போதாது. ஆம் என்று சொல்லிவிட்டு அந்த வாக்கியம் முழுவதையும் திரும்பச் சொல்ல வேண்டும். இரண்டு அர்த்தம் தரும் துணைவினைகளைத் தவிர்க்க வேண்டும். இந்தக் கடைசி விதி நமக்குச் சட்டென்று புரியும். நம்மிடம் 'லாம்' என்றொரு விகுதி உண்டு. 'கால்வாய்க்குள் நுழையலாம்' என்றால் அனுமதியா, யோசனையா, நுழைவது சாத்தியம் என்ற தகவலா, எதிரே வருகிற கப்பல் நுழையக்கூடும் என்ற எச்சரிக்கையா? வீட்டுத் திண்ணையில் இந்த வழவழப்பு சுகமானது. யாரும் யாரையும் நிர்ப்பந்திக்காமல் காரியம் நடந்துவிடும். 200 மீட்டர் நீளமுள்ள இரும்பு ஒன்று குறுகிய கால்வாயில் எதிர்ப்பட்டுக்கொண்டிருக்கும்போது இந்த 'லாம்' ஆளைக் கொல்லும்.

இவ்வளவும் படித்தபின் ஒருவனுக்கு ஒரு நம்பிக்கை ஏற்படும். தெளிவான குறிகள், அவற்றுக்கு ஒரே அர்த்தம், எல்லோருக்கும் ஒரே புத்தகம். இவை போதும், விபத்து வராது என்று. என் கட்டுரை தொடங்குவது இந்த நம்பிக்கை உடைகிற இடத்தில்.

1893 ஜூன் 22. லெபனானின் திரிப்போலி நகரத்துக்கு அருகே பிரிட்டிஷ் மத்தியதரைக் கடற்படை. பட்டப்பகல், அமைதியான கடல். போர்க்கப்பல்கள் இரண்டு வரிசைகளாக இணையாகப் போகின்றன. ஒரு வரிசையின் தலையில் 'விக்டோரியா', அதில் தளபதி சர் ஜார்ஜ் டிரையன். மற்றதன் தலையில் 'கேம்பர்டவுன்', அதில் இரண்டாம் நிலைத் தளபதி ஆல்பர்ட் மார்க்கம். இரண்டு வரிசைகளும் ஒன்றையொன்று நோக்கி உள்புறமாகத் திரும்பி, வந்த திசையிலேயே திரும்பிப் போக வேண்டும் என்பது டிரையனின் திட்டம். வரிசைகளுக்கு இடையே இருந்த தூரம் ஆறு கேபிள்; அதாவது சுமார் 1,200 கஜம். ஒவ்வொரு கப்பலும் ஒரு வட்டமடித்துத் திரும்ப 800 கஜம் தேவை. இரண்டு எண்ணூறைக் கூட்டத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் ஆபத்து தெரிந்திருந்தது. எட்டு கேபிளாவது வேண்டும் என்று ஓர் அதிகாரி முன்னாலேயே சொல்லிவிட்டார். டிரையனும் ஒத்துக்கொண்டார். பிறகு ஆறு என்றே உத்தரவு போயிற்று. சந்தேகப்பட்டு மறுபடி கேட்டபோது, ஆறாகவே இருக்கட்டும் என்று பதில்.

கொடிகள் ஏறின. கேம்பர்டவுனில் மார்க்கம் பார்த்தார். இது நடக்கக்கூடியதல்ல என்று அவருக்குத் தெரிந்தது. விதிப்படி அவர் செய்ய வேண்டியதைச் செய்தார்: பதில் சமிக்ஞையைப் பாதி உயரத்திலேயே நிறுத்தினார். கண்டேன், புரியவில்லை. உங்கள் விருப்பம் உண்மையில் இதுதானா என்று கைக்கொடிகளால் கேட்கச் சொல்லி ஏற்பாடும் செய்யத் தொடங்கினார். அந்தக் கேள்வி போவதற்குள் தளபதியின் கப்பலிலிருந்து ஒரு கேள்வி வந்துவிட்டது. எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?

கடற்படை முழுவதும் பார்க்க, படிக்க, வந்த கேள்வி அது. மார்க்கம் சமிக்ஞையை உச்சிக்கு ஏற்றினார். சில நிமிஷங்களில் கேம்பர்டவுனின் முகப்பு விக்டோரியாவின் பக்கவாட்டில் ஏறியது. கால் மணி நேரத்துக்குள் விக்டோரியா மூழ்கியது. டிரையனோடு சேர்த்து 358 பேர் இறந்தார்கள். 2004-ல் அந்தக் கப்பலைக் கண்டுபிடித்தபோது அது மூக்கைச் சேற்றில் புதைத்துக்கொண்டு, பின்புறம் மேலே தூக்கியபடி, கடலடியில் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது.

இதில் செய்தித் தொடர்பு எங்கே பழுதுபட்டது? கொடிகள் சரியான கொடிகள். வெளிச்சம் போதுமானது. புத்தகம் ஒன்று. அனுப்பியவர் எதை அனுப்ப நினைத்தாரோ அதுவே போய்ச் சேர்ந்தது. பதிலுக்கென்று வைத்திருந்த இரண்டு உயரங்களும் வேலை செய்தன. ஒரு மனிதனின் சந்தேகத்தை அவை ஒரு சில நிமிஷங்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி ஆகாயத்தில் நிறுத்தியும் வைத்தன. இந்தச் சம்பவத்தில் சொல்லப்பட்ட ஒரே பொய், உச்சிக்கு ஏறிய அந்தப் பதில்தான். புரியாததைப் புரிந்தது என்று சொன்ன பொய்.

மார்க்கம் பின்னால் கொடுத்த விளக்கத்தை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். தளபதி தம்முடைய வரிசையைச் சுற்றிக்கொண்டு வெளிப்புறமாக வருவார் என்று ஊகித்தேன் என்றார். அதாவது கொடிகளில் இல்லாத ஓர் அர்த்தத்தை அவர் தாமே உண்டாக்கிக்கொண்டார். டிரையன் சாமானியர் அல்ல. அந்தக் காலத்துக் கடற்படையில் மேதை என்று பெயர் வாங்கியவர். அவர் சொல்வது முட்டாள்தனமாகத் தெரிந்தால், தெரிவதில்தான் கோளாறு இருக்க வேண்டும். இந்த மனப்பாங்குக்குப் பணிவு என்று பெயர் வைக்கலாம். எனக்கு வேறு விதமாகப் படுகிறது. தன் கண்ணால் பார்த்துத் தன் புத்தியால் கணக்குப் போட வேண்டிய பொறுப்பை மரியாதையோடு பெரியவரின் காலடியில் வைத்துவிட்டு வருவது அது. டிரையன் சமிக்ஞைகளின் கெடுபிடியை வெறுத்தவர், அதிகாரிகள் சுயமாக யோசித்து இயங்க வேண்டும் என்று அதற்கென ஒரு முறையையே உருவாக்கியவர் என்பதை நினைக்கும்போது விஷயம் இன்னும் துயரமாகிறது. சுயமாக யோசியுங்கள் என்று கற்பித்தவரின் ஆகிருதியே யோசனையை நிறுத்தும் அளவு பெரிதாக வளர்ந்திருந்தது.

மால்டாவில் கூடிய ராணுவ நீதிமன்றம் டிரையனைக் குற்றவாளி என்றது. மார்க்கமைப் பற்றி அது சொன்னதில்தான் என் கேள்வி முழுவதும் அடங்கியிருக்கிறது. முதலில் நினைத்தபடி தம் சந்தேகத்தை அவர் தளபதிக்குத் தெரிவிக்காமல் போனது வருந்தத்தக்கது. ஆனால் நேரில் இருக்கும் தளபதியின் உத்தரவை நிறைவேற்றியதற்காக ஒருவரைக் குறை சொல்வது சேவைக்கே கேடாக முடியும். நீதிமன்றம் இந்தத் தர்மசங்கடத்தை ஒரே வாக்கியத்துக்குள் வைத்து மூடிவிட்டது. வருந்தலாம், குறை சொல்லலாகாது.

நீதிமன்றத்தின் பயம் அர்த்தமற்றது என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு கப்பலும் ஒவ்வோர் உத்தரவுக்கும் கொடியைப் பாதியில் நிறுத்தினால் கடற்படை நகராது. யுத்தத்தில் அந்த யோசனை நேரத்துக்குள் எதிரி சுட்டுவிடுவான். நம்பி நடப்பது என்பது கூட்டு வாழ்க்கையின் அஸ்திவாரம். மார்க்கம் கீழ்ப்படிய மறுத்திருக்க வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. நான் சொல்வது அதைவிடச் சின்ன விஷயம். கீழ்ப்படிவது வேறு, புரிந்தது என்று சாட்சி சொல்வது வேறு. புரியவில்லை, ஆனாலும் செய்கிறேன் என்ற வாக்கியத்துக்கு அந்தக் கொடிமரத்தில் இடமில்லை. உச்சிக்கு ஏறிய கொடி, இரண்டு மனிதர்கள் இந்தக் கணக்கைத் தனித்தனியாகப் போட்டுச் சரிபார்த்துவிட்டார்கள் என்று கடற்படை முழுவதற்கும் அறிவித்தது. டிரையனுக்கும் அப்படித்தான் அறிவித்தது. தவறுகிற ஒரு மனிதனுக்கு நாம் செய்யக்கூடிய கடைசி உபகாரம், அவன் சொல்வது நமக்குப் புரியவில்லை என்று காட்டிக்கொண்டே இருப்பது. மார்க்கம் மரியாதையின் பேரில் தம் தளபதிக்கு அதை மறுத்துவிட்டார்.

அப்படியானால், புரியவில்லை என்று ஒத்துக்கொண்டுவிட்டால் போதுமா? போதாது என்பதற்கும் கடலிலேயே உதாரணம் இருக்கிறது. 1912 ஏப்ரல் 14 இரவு, பனிக்கட்டிகளுக்கு நடுவே 'கலிபோர்னியன்' என்ற கப்பல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நின்றது. நள்ளிரவுக்குப் பின் காவலில் இருந்த அதிகாரி ஹெர்பர்ட் ஸ்டோன் வானத்தில் எட்டு வெள்ளை வாணங்களைக் கண்டார். பேசும் குழாய் வழியாகக் கேப்டன் ஸ்டான்லி லார்டுக்குத் தெரிவித்தார். அவை கம்பெனிச் சமிக்ஞைகளா என்று கேப்டன் கேட்டார். அந்த நாட்களில் கப்பல் கம்பெனிகள் தங்களுக்குள் அடையாளம் காட்டிக்கொள்ள வாணவிளக்குகளைப் பயன்படுத்துவதுண்டு. தெரியவில்லை என்றார் ஸ்டோன். விளக்கால் கூப்பிட்டுப் பார்க்கும்படி உத்தரவு. கூப்பிட்டார்கள். பதில் வரவில்லை. அதே கப்பலில் வானொலிக் கருவி இருந்தது. அதை இயக்குகிறவர் தூங்கிக்கொண்டிருந்தார். விடியும்வரை யாரும் அவரை எழுப்பவில்லை. டைட்டானிக் மூழ்கியது விடிந்த பிறகு தெரிந்தது. இரண்டு கப்பல்களுக்கும் இடையே இருந்த தூரத்தைப் பற்றிய சர்ச்சை இன்றும் ஓயவில்லை. எனக்கு அது முக்கியமல்ல. வாணங்கள் கண்ணில் பட்டன. அர்த்தம் தெரியவில்லை என்று உண்மையாகவே ஒத்துக்கொண்டார்கள். அந்த உண்மையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு இரவைக் கழித்தார்கள்.

மார்க்கம் கொடியை அவசரமாக உச்சிக்கு ஏற்றினார். கலிபோர்னியன் கொடியைப் பாதியிலேயே விட்டுவிட்டது. இரண்டிலும் நடந்தது ஒன்றுதான்: கேள்வி கேட்பது நின்றுபோயிற்று. பாதி உயரம் தங்குவதற்கான இடமல்ல. அங்கே நிற்கிறவன் மேற்கொண்டு புத்தகத்தைப் புரட்டக் கடமைப்பட்டவன், மறுபடி கேட்கக் கடமைப்பட்டவன், தூங்குகிறவனை எழுப்பக் கடமைப்பட்டவன். புரியவில்லை என்பது ஒரு வேலையின் ஆரம்பம். அது தீர்ப்பாக மாறும்போது அதற்கும் ஆள் சாகிறான். அந்த விபத்தை ஒட்டி 1914-ல் லண்டனில் கூடிய மாநாடு வானொலியில் இடைவிடாத காவலை விதியாக்கியது. அனுப்புகிறவனைத் திருத்துவதோடு அவர்கள் நிற்கவில்லை. கேட்கிறவனையும் விழித்திருக்கச் சொன்னார்கள்.

இந்தப் பத்திரிகையின் வாசகர்களிடம் இதை ஏன் சொல்கிறேன் என்பது இந்நேரம் தெரிந்திருக்கும். புதுக்கவிதை தோன்றிய நாளிலிருந்து 'புரியவில்லை' என்ற சொல் நம் இலக்கியச் சூழலில் ஒரு கல் போலப் புழங்கி வருகிறது. ஒரு சாரார் அதை எடுத்து எறிகிறார்கள். புரியவில்லை, ஆகவே அது கவிதையல்ல. இவர்கள் கலிபோர்னியனில் படுத்திருப்பவர்கள். வாணத்தைப் பார்த்தாயிற்று, நம் கம்பெனிச் சமிக்ஞை இல்லை, தூங்கலாம். இன்னொரு சாரார் எறிபடும் கல்லுக்குப் பயந்தவர்கள். புரியவில்லை என்று சொன்னால் தங்கள் ரசனையைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்று உடனே தலையாட்டி விடுகிறார்கள். பேர்பெற்ற ஒருவர் எழுதிய வரியில் ஒன்றும் பிடிபடாதபோது, இல்லாத தரிசனத்தை அதற்குள் நுழைத்து, அதையே விமர்சனம் என்று அச்சிலும் போடுகிறார்கள். வெளிப்புறமாகச் சுற்றிக்கொண்டு வருவார் என்று ஊகித்தேன் என்று மார்க்கம் சொன்னதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

கவிதை சமிக்ஞையல்ல என்று எனக்கும் தெரியும். ஒரு கொடிக்கு ஒரு அர்த்தம் என்பதைக் கவிதையிடம் கேட்பது அபத்தம்; புத்தகத்தில் இல்லாத அர்த்தத்துக்காகத்தான் நாம் கவிதையிடம் போகிறோம். ஆகவே கவிஞனைக் கொடிப்பெட்டிக்குள் அடைக்க நான் வரவில்லை. வாசகனிடம்தான் எனக்குப் பேச்சு. கவிதைக்கு ஒப்பந்தப் புத்தகம் இல்லாத காரணத்தாலேயே வாசகனின் பதில் இன்னும் உண்மையாக இருக்க வேண்டியிருக்கிறது. தன்னைத் தவிர அவனைச் சரிபார்க்க யாருமில்லை. எந்த வரி வரைக்கும் தன்னோடு வந்தது, எந்த வரியில் கைவிட்டுப் போயிற்று என்று சொல்லக்கூடிய வாசகன், பத்து மாலைகளைவிட ஒரு கவிஞனுக்கு உபயோகமானவன். பொய்யான 'புரிந்தது'களைக் கேட்டுக் கேட்டு, ஆறு கேபிள் போதும் என்று நம்பத் தொடங்கிவிட்ட எழுத்தாளர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களைக் கெடுத்ததில் அவர்கள் வாசகர்களுக்கும் பங்கு உண்டு.

இலக்கியத்தில் இதனால் யாரும் மூழ்கிவிடுவதில்லை. ஆனால் புரியாதபோது தலையாட்டும் பழக்கத்தை மனிதன் ஒரு இடத்தில் மட்டும் வைத்துக்கொள்வதில்லை. பாடசாலையில் வாத்தியாருக்கு ஆட்டிய தலைதான் பின்னால் அலுவலகத்தில் ஆடுகிறது, ஆஸ்பத்திரியில் ஆடுகிறது, மேடையிலிருந்து பேசுகிறவருக்குக் கீழேயிருந்து ஆடுகிறது. எதிரே நிற்கிறவர் எவ்வளவு உயரமானவரோ அவ்வளவு வேகமாக ஆடுகிறது. 'எதற்காகக் காத்திருக்கிறாய்?' என்ற கேள்வி நம் எல்லோருக்கும் ஏதாவது ஒரு கப்பலிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. உண்மையில் தகவல் கேட்பதற்காக அது வருவது அபூர்வம். அதற்கு நேரான பதில் ஒன்றுதான்: புரிவதற்காகக் காத்திருக்கிறேன். கைக்கொடியால் இதைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று சில சமயம் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்காது.